ராமில் இடம் இருந்தும் "மெமரி போதவில்லை"

நான்கு நாள் போனது. 4 ஜிபி ராம் உள்ள விண்டோஸ் 10 கணினி. காலையில் நன்றாக ஓடும், மதியத்துக்குள் மவுஸே நகராது. அப்புறம் "மெமரி குறைவாக உள்ளது" என்று எச்சரிக்கை வரும். ஆனால் டாஸ்க் மேனேஜரில் ராம் 65 சதவீதம்தான் காட்டியது.

வைரஸ் ஸ்கேன் ஓட்டினேன், பிரவுசர் எக்ஸ்டென்ஷன்களை எடுத்தேன், ராமைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். பலனில்லை.

டாஸ்க் மேனேஜரின் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில், மெமரிக்குக் கீழே "கமிட்டட்" என்றொரு சின்ன வரி உண்டு: நிரல்கள் கேட்டு, தருவதாக விண்டோஸ் ஒப்புக்கொண்ட மெமரி, அவை இன்னும் பயன்படுத்தாவிட்டாலும். அதில் 4.7/4.9 ஜிபி. இரண்டாவது எண்தான் வரம்பு: ராமும் பேஜ் ஃபைலும் (ராமுக்குத் துணையாக விண்டோஸ் வட்டில் வைத்துக்கொள்ளும் கோப்பு) சேர்ந்தது. வட்டில் இடம் மிச்சம் பிடிக்க, எப்போதோ பேஜ் ஃபைல் அளவை 1024 எம்பி என்று நானே நிர்ணயித்து வைத்திருந்தேன்.

சரி, இவ்வளவையும் பிடித்து வைத்திருப்பது எது? டீட்டெயில்ஸ் பக்கத்தில் தலைப்பு வரியை ரைட் கிளிக் செய்து "கமிட் சைஸ்" பத்தியைச் சேர்த்தேன். பிரிண்டருடன் வந்த ஒரு துணை நிரல், மெமரி பத்தியில் வெறும் 40 எம்பி. கமிட் சைஸில் 2 ஜிபிக்கு மேல்! வழக்கமான பத்தியை மட்டும் பார்த்தால் இது கண்ணிலேயே படாது.

ஸ்டார்ட்அப்பில் அதை நிறுத்தினேன். சி டிரைவில் கொஞ்சம் இடம் காலி செய்து, பேஜ் ஃபைல் அளவை விண்டோஸே பார்த்துக்கொள்ளும்படி டிக் செய்து, ரீஸ்டார்ட் செய்தேன். பிரிண்டர் அந்த நிரல் இல்லாமலே அச்சிடுகிறது. ஒரு வாரமாக எச்சரிக்கை இல்லை, பெரிய நிம்மதி.