மேடையிலிருந்து பார்த்தால் நீங்களும் தெரிகிறீர்கள்: மியூசிக்கல் பார்க்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

உள்ளூர் நாடகக் குழு போடும் மியூசிக்கலுக்கு, அதாவது பாட்டும் ஆட்டமுமாகக் கதை சொல்லும் மேடை நாடகத்துக்கு, முதல்முறை போனபோது, முதல் வரிசை காலியாக இருந்ததைப் பார்த்து, அடித்தது யோகம் என்று டிக்கெட் எடுத்தேன். இரண்டரை மணி நேரம் கழுத்து வலிக்க அண்ணாந்து, 20 பேருடைய முழங்கால்களைப் பார்த்துவிட்டு வந்ததுதான் மிச்சம். கூட்டமாக ஆடும்போது யார் எந்த வரிசையில் நிற்கிறார்கள், அந்த வரிசை எப்போது வட்டமாகிறது என்பதெல்லாம் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தால்தான் கண்ணில் படும். போதாக்குறைக்கு அது சின்ன அரங்கு. வாத்தியக் குழுவுக்கென்று மேடைக்கு முன்னால் பள்ளம் கிடையாது. டிரம்ஸ் என் இடது காதோரம் இருந்தது. ஐந்தாறு வரிசை தள்ளி, நடுவில் உட்காருங்கள். தரை சரிவில்லாத மண்டபமாக இருந்தால் மட்டும் முன்னால் நகரலாம்.

அப்புறம், நேரம். சினிமா மாதிரி முதல் பத்து நிமிடம் விளம்பரம் ஓடாது. தாமதமாக வந்தால் ஒரு பாட்டு முடிந்து கைதட்டல் எழும்வரை வாசலிலேயே நிறுத்திவைப்பார்கள். அதில் கோபப்பட ஒன்றுமில்லை. சரியான நேரத்துக்கு வந்தவர்களும் ஒரு தவறு செய்கிறார்கள். விளக்கு அணைந்ததும் வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் முன்னிசை வரும், ‘ஓவர்ச்சர்’ என்பார்கள். இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று நினைத்துப் பேசிக்கொண்டே இருப்பார்கள். ஆனால் பின்னால் வரப்போகும் பாட்டுகளின் மெட்டுகளை அதில்தான் காதில் போட்டுவைக்கிறார்கள். இரண்டாம் பாதியில் அதே மெட்டு திரும்ப வரும்போது, எங்கோ கேட்ட மாதிரி இருக்கிறதே என்று தோன்றுவது அதனால்தான்.

பாட்டு வந்தால் எழுந்து வெளியே போகும் பழக்கம் உள்ளவர்களுக்கு மியூசிக்கல் கொஞ்சம் சிக்கல். 1943-இல் நியூயார்க்கின் நாடக அரங்கப் பகுதியான பிராட்வேயில் வந்த ‘ஓக்லஹோமா!’ என்ற மியூசிக்கல் பெரிய வெற்றி பெற்ற பிறகு, கதையைப் பாட்டே நகர்த்துவது எழுதப்படாத விதி போல ஆகிவிட்டது. பாட்டு தொடங்கும்போது ஊரை விட்டுப் போவதா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டிருந்தவள், அது முடியும்போது பெட்டியோடு நிற்பாள். நடுவில் என்ன நடந்தது என்று பக்கத்து இருக்கைக்காரரைக் கேட்காதீர்கள். கூட்டமாகப் பாடும்போது பாட்டு வரிகள் பிடிபடுவது யாருக்கும் கஷ்டம்தான். போவதற்கு முன் கதைச் சுருக்கத்தை ஒருமுறை படித்துவிட்டுப் போனால், விட்டுப்போன வரிகள் பெரிதாக உறுத்தாது.

இனி செல்போன். மணி அடிப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அது எல்லோருக்கும் தெரியும். தெரியாதது வெளிச்சம். ஸ்பாட்லைட்டில் நிற்பவருக்கு எதிரே எல்லாம் ஒரே கறுப்பு. அந்தக் கறுப்பில் ஒரே ஒரு முகம் மட்டும் கீழிருந்து நீலமாக ஒளிர்ந்தால், பாடுகிறவரின் கண் அங்கேதான் போகும். அவர் பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு, மாலையில் ஒத்திகைக்கு வந்து வந்து அந்தப் பாட்டைப் பழகியவர். பெரும்பாலும் சம்பளமும் கிடையாது. சரி, மணி மட்டும்தானே பார்த்தேன் என்பீர்கள். அவருக்கு அது தெரியாதே!

வீடியோ எடுப்பது அதைவிட வம்பு. மியூசிக் தியேட்டர் இன்டர்நேஷனல், கான்கார்ட் தியேட்ரிக்கல்ஸ் போன்ற நிறுவனங்களிடம் பணம் கட்டி உரிமம் வாங்கித்தான் இந்த நாடகங்களைப் போடுகிறார்கள். மேடையேற்றக் கிடைக்கும் அனுமதியில் படம் பிடிக்கும் உரிமை தானாக வந்துவிடாது. நீங்கள் ஆசையாகப் போட்ட அரை நிமிடக் கிளிப்புக்கு, குழு பதில் சொல்ல வேண்டிவரும். உங்கள் குழந்தையே ஆடினாலும் ஃபிளாஷ் வேண்டாம். குதித்து இறங்கும் நேரத்தில் கண் கூசினால் கால் பிசகும். முடிந்ததும் பெரும்பாலும் நடிகர்கள் வேஷத்தோடு வெளியே வருவார்கள். அப்போது ஆசை தீர எடுத்துக்கொள்ளுங்கள்.

தெரிந்த பாட்டு வந்தால் கூடச் சேர்ந்து பாடாதீர்கள். அவர்களே அழைத்தால் தவிர.

மைக் திடீரென்று செத்துப்போகும், கதவு திறக்க மறுக்கும். அப்போது சிரித்தோ ‘உச்’ கொட்டியோ நாமும் ஒரு சுமையாக வேண்டியதில்லை. ஒருமுறை மைக் போனதும் நடிகை முன்னால் நான்கடி வந்து, வெறும் குரலில் பாடி முடித்தார். அரங்கு அப்படியே அடங்கிக் கேட்டது. அன்றைக்கு நன்றாகக் கேட்டது அந்தப் பாட்டு ஒன்றுதான். அவரைப் பார்த்து ‘அமெச்சூருக்குப் பரவாயில்லை’ என்று பாராட்டினார் ஒருவர். அதற்குப் பேசாமலே போயிருக்கலாம்.

கடைசி வணக்கம் முடிந்ததும் எல்லோரும் வண்டியை எடுக்க ஓடுவார்கள். வாத்தியக் குழு இன்னும் வாசித்துக்கொண்டிருக்கும். வழியனுப்பும் இசை என்று அதற்கும் தனியாக எழுதியிருப்பார்கள். அந்த முதல் வரிசை நாளில், கழுத்தைத் தேய்த்துக்கொண்டு அது முடியும்வரை நின்றேன். கைதட்ட ஏழெட்டுப் பேர்தான் இருந்தோம். டிரம்ஸ்காரர் குச்சியைத் தூக்கிக் காட்டினார்.