'பிக் மீ அப்'பா, 'பிக் அப் மீ'யா? மீ, ஹிம், இட் எங்க போடணும்

பெங்களூர் ஆபீஸ்ல தமிழ், கன்னடம், தெலுங்கு, இந்தின்னு நாலு பேர் ஒரு மேஜைல உக்காந்தா கடைசில இங்கிலீஷ்லதான் பேசியாகணும், அதுல நம்மாளுங்க மாட்டிக்கறது பெரிய பெரிய வார்த்தைல இல்ல, இந்த மீ, ஹிம், இட் எல்லாம் வெர்ப்கூட எங்க உக்காரும், நடுவுல டு, அட், ஃபார் வருமா வராதாங்கறதுலதான்.

இதுக்கு கிராமர் புக்கைவிட ஒரு பழக்கம் உதவும். புது வெர்ப் எதைக் கத்துக்கிட்டாலும் தனியா மனப்பாடம் பண்ணாதீங்க, கூடவே ஹிம் இல்லன்னா இட் சேர்த்து வாய்விட்டு சொல்லிப் பாருங்க. 'ஆஸ்க் ஹிம்', 'டெல் ஹிம்', ஆனா 'சே இட் டு ஹிம்', 'எக்ஸ்ப்ளெயின் இட் டு ஹிம்'. நமக்கு அவன்கிட்ட கேளு, அவன்கிட்ட சொல்லுன்னு எல்லாத்துக்கும் ஒரே 'கிட்ட', அதான் 'ஆஸ்க் டு ஹிம்', 'டெல் டு ஹிம்'னு தானா வந்துடுது. பக்கத்து சீட் கன்னடக்காரரும் 'ஹத்திர'ன்னு இதே மாதிரி பேசி வளந்தவர்தான், அவர் திருத்துவார்னு காத்திருக்காதீங்க.

ஆஸ்க், டெல், கால், ஆன்சர், மேரி இதுக்கெல்லாம் ஆள் நேரா ஒட்டிக்கும். 'ஷி மேரிட் ஹிம்'தான், நடுவுல வித் கிடையாது. டிஸ்கஸும் அப்படித்தான், 'டிஸ்கஸ் இட்' போதும், அபௌட் வேணும்னா 'டாக் அபௌட் இட்'னு சொல்லிக்கோங்க. இதுக்கு நேரெதிர் எக்ஸ்ப்ளெயினும் சஜெஸ்ட்டும். 'ப்ளீஸ் எக்ஸ்ப்ளெயின் மீ'ன்னு டீம் சாட்ல வராத நாளே இல்ல, அங்க டு கட்டாயம். லிசன் டு மீ, வெய்ட் ஃபார் மீ இதுலயும் நடுவுல இருக்கறதை முழுங்கிடாதீங்க.

கிவ், செண்ட், ஷோ மாதிரி வெர்ப்ல தொல்லை கம்மி. 'செண்ட் மீ த ஃபைல்', 'செண்ட் த ஃபைல் டு மீ' ரெண்டும் சரி, ஃபைலுக்கு பதிலா இட் வந்தா மட்டும் 'செண்ட் இட் டு மீ'ன்னு போயிடுங்க.

இப்பதான் மெயின் மேட்டர். ஊர்லேர்ந்து நைட் பஸ்ல வந்து விடிகாலைல மடிவாளால இறங்குறீங்க, ஃப்ரெண்டுக்கு மெசேஜ் போடணும், அது 'பிக் அப் மீ' இல்ல, 'பிக் மீ அப்'. பொருளோட பேர் வந்தா 'பிக் அப் த பார்சல்', 'பிக் த பார்சல் அப்' எப்படி வேணா சொல்லலாம், ஆனா மீ, இட், தெம் மாதிரி குட்டி வார்த்தை நடுவுலதான் உக்காரும்: 'டர்ன் இட் ஆஃப்', 'கால் இட் ஆஃப்', 'ஃபில் இட் இன்'. அதுக்குன்னு 'லுக் ஆஃப்டர் ஹிம்', 'லுக் அட் இட்' இதையெல்லாம் பிரிச்சிடாதீங்க, அங்க ஆஃப்டரும் அட்டும் ஹிம், இட்டோட சேர்ந்தது, வெர்போட சேர்ந்தது இல்ல.

எது எந்த வகைன்னு எப்படி கண்டுபிடிக்கறது? நடுவுல ஒரு கேர்ஃபுலி, குவிக்லி சொருகிப் பாருங்க. 'லுக் கேர்ஃபுலி அட் இட்' நல்லா நிக்குது, 'டர்ன் குவிக்லி ஆஃப் த லைட்' நொண்டுது. நொண்டுச்சுன்னா அது பிரியற வகை, இட் நடுவுல. காதும் உதவும், 'டர்ன் இட் ஆஃப்'ல ஆஃப் அழுத்தமா விழும், 'லுக் அட் இட்'ல அட் காதுலயே விழாது. இடம் மாறினா அர்த்தமே மாறுற கேஸும் உண்டு, மேனேஜர் 'டர்ன்ட் ஆன் மீ'ன்னா திடீர்னு எம்மேல பாஞ்சாருன்னு அர்த்தம், அதையே 'டர்ன்ட் மீ ஆன்'னு சொல்லிட்டீங்கன்னா எனக்குள்ள காம ஆசையைக் கிளப்பினாருன்னு ஆயிடும், பேச்சு ஹெச்ஆர் வரைக்கும் போயிடும்.

இடம், நேரம் சேரும்போது தமிழை அப்படியே கடைசிலேர்ந்து படிச்சா பாதி வேலை முடிஞ்சுது. 'ஒன்பது மணிக்கு சில்க் போர்டுல என்னை இறக்கி விடு', இதைத் திருப்புனா 'ட்ராப் மீ ஆஃப் அட் சில்க் போர்டு அட் நைன்'. சில்க் போர்டு டிராஃபிக்ல அந்த நைன் பத்தாகுறது வேற கதை.

மூணு துண்டு வெர்ப்ல இட் கடைசிக்கு போயிடும், 'புட் அப் வித் இட்', 'லுக்கிங் ஃபார்வர்ட் டு இட்'. கடைசில டுக்கு அப்புறம் இட் நிக்குது பாருங்க, அதாவது அங்க பெயர்ச்சொல் மாதிரி ஒண்ணுதான் வரணும், அதனாலதான் மெயில்ல 'லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட் யூ' தப்பு, 'டு மீட்டிங் யூ'ன்னு போடணும்.