சிறுகதையில் சூழல் முரண்: வாசகர் மனத்தை அசைப்பது எப்படி?

கதாபாத்திரம் ஒன்றை நினைத்துச் செய்யும் காரியம், நேர் எதிரான இடத்தில் கொண்டுபோய் விடுவதுதான் சூழல் முரண். புதிதாக எழுத வருபவர்கள் பலர் இதைக் கடைசி வரித் திருப்பம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். திருப்பம் தருவது ஒரு நொடி அதிர்ச்சி. மனத்தை அசைக்கும் வேலை அதற்கு வெகு முன்பே நடந்துவிடுகிறது. பிரெஞ்சு எழுத்தாளர் மாப்பசான் 1884-இல் எழுதிய 'நெக்லஸ்' கதையை வைத்துப் பார்ப்போம். முடிவைச் சொல்லப்போகிறேன், படிக்காதவர்கள் முதலில் படித்துவிட்டு வாருங்கள்.

படி 1: ஆசையைப் பிடியுங்கள்

மத்தில்ட் ஒரு குமாஸ்தாவின் மனைவி. பகட்டான வாழ்க்கைக்கு ஏங்குகிறாள். விருந்துக்குப் போகத் தோழியிடம் வைர நெக்லஸ் இரவல் வாங்கித் தொலைத்துவிடுகிறாள். உண்மையைச் சொல்லாமல், அதே மாதிரி ஒன்றை 36,000 பிராங்குக்கு வாங்கித் திருப்பிக் கொடுக்கிறார்கள். கடனை அடைக்கப் பத்து வருடம் ஆகிறது. அப்புறம்தான் தெரிகிறது: தொலைந்தது போலி, மிஞ்சிப்போனால் 500 பிராங்க் பெறும்.

படி 2: பின்னோக்கிப் படியுங்கள்

இதுதான் முக்கியமான படி. நகைப்பெட்டியில் பெயர் இருந்த கடைக்காரர், "பெட்டி மட்டும்தான் நான் கொடுத்தது" என்கிறார். நகை போலி என்பதற்கு முன்கூட்டியே வைத்த துப்பு இது. முதல் வாசிப்பில் இதை யாரும் கவனிப்பதில்லை. புது நகையைத் திருப்பிக் கொடுக்கும்போது தோழி பெட்டியைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. கண்டுபிடித்துவிடுவாளோ என்று பயந்த மத்தில்டோடு சேர்ந்து நாமும் 'அப்பாடா' என்கிறோம். முடிவு தெரிந்த பிறகு அதே இடம் வலிக்கிறது. அன்று மட்டும் அந்தப் பெட்டியைத் திறந்திருந்தால்!

படி 3: விலையைக் கண்ணால் காட்டுங்கள்

பத்து வருடம் கஷ்டப்பட்டாள் என்று மட்டும் எழுதியிருந்தால் வெறும் தகவல். ரோஜா நிற நகங்களால் எண்ணெய்ப் பிசுக்குப் பாத்திரம் தேய்க்கிறாள். தண்ணீர் சுமந்து படியேறும்போது மாடிக்கு மாடி நின்று மூச்சு வாங்குகிறாள். அந்த மூச்சிரைப்பு நமக்குள் இருப்பதால்தான் 500 என்ற எண் அடிக்கிறது.

படி 4: எந்த உணர்ச்சி என்று தீர்மானியுங்கள்

அமெரிக்க எழுத்தாளர் ஓ. ஹென்றி 1905-இல் எழுதிய கிறிஸ்துமஸ் பரிசுக் கதையில் மனைவி கூந்தலை விற்றுக் கணவனின் கடிகாரத்துக்குச் சங்கிலி வாங்குகிறாள். அவன் அந்தக் கடிகாரத்தை விற்று அவள் கூந்தலுக்குச் சீப்புகள் வாங்குகிறான். இரண்டு பரிசும் வீண். ஆனாலும் கசப்பு இல்லை, நெகிழ்ச்சிதான். இழந்தது ஒருவருக்காக ஒருவர். கதாபாத்திரம் எதற்காக இழக்கிறது என்பதில்தான் உணர்ச்சியின் சாவி இருக்கிறது.

படி 5: நீங்கள் எழுதுங்கள்

சின்னதாகத் தொடங்கலாம். மகனைப் பார்க்க அப்பா சென்னைக்குப் பேருந்து ஏறுகிறார். அதே இரவு மகன் ஊருக்குப் பேருந்து ஏறுகிறான். விழுப்புரம் தாண்டி இரண்டு பேருந்துகளும் எதிரெதிரே கடக்கின்றன. இப்படியே விட்டால் தற்செயல்தான். பத்து மாதமாக இருவரும் பேசுவதில்லை என்று சேருங்கள். போன் செய்யாததற்கும் காரணம் கிடைத்துவிடும். அப்பா மடியில் முறுக்கு டப்பாவை வையுங்கள், வளைவுகளில் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளட்டும். இனி அந்தப் பேருந்துகள் கடக்கும்போது வாசகர் சும்மா இருக்க மாட்டார்.

எழுதியதை நண்பரிடம் கொடுத்து, முடிவை ஊகித்த வரியில் பென்சிலால் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். முதல் பத்தியிலேயே கோடு விழுந்தால் துப்பு அதிகம். கோடே இல்லாமல், முடிவும் ஏமாற்று வேலையாகத் தெரிகிறது என்றால் துப்பு போதவில்லை. படி 2-க்குத் திரும்பிப் போங்கள்.