செய்தி வெளிவராததற்குக் காரணம் எழுத்துரு

தென்காசியில் பெண் காவலர் உடல்திறன் தேர்வுக்கு மட்டும் பயிற்சி கொடுக்கிறேன். 400 மீட்டரை 2 நிமிடம் 30 விநாடிக்குள் ஓட வேண்டும். இலவச முகாம் பற்றி நாளிதழ்களுக்கு அனுப்பிய செய்தி எதுவும் வரவில்லை. சென்னை அலுவலகங்களுக்கு மின்னஞ்சல் போட்டேன், பதில் இல்லை. விளம்பரப் பிரிவில் கட்டணம் சொன்னார்கள்.

அப்புறம் பகுதிநேர நிருபர் ஒருவர் தன் போனைத் திறந்து காட்டினார். டிடிபி கடையில் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த கோப்பு, அதில் வெறும் ஆங்கில எழுத்துகளாகக் கிடந்தது! ஒரு வரிகூடப் படிக்க முடியாது. எந்தப் போனிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு மாற்றி, தேதியும் இடமும் முதல் வரியில் வைத்து, வாட்ஸ்அப்பில் நேரடியாக ஒட்டி அனுப்பினேன். படத்தை டாக்குமெண்டாக அனுப்பினேன். சாதாரணமாக அனுப்பினால் சுருங்கி அச்சில் மங்கிவிடும். பெயர்ப்பலகை தெரியாத படம்தான் வேண்டும் என்றார், இல்லையென்றால் விளம்பரமாகிவிடுமாம்.

மாவட்டப் பக்கத்தில் செய்தி வந்தது, அப்பாடா! அன்று காலையே அழைப்புகள் தொடங்கின, பெரும்பாலும் அப்பாக்களிடமிருந்து.