செயற்கைக்கோளுக்கு ஒரே கூண்டு போதாது: விண்வெளிக் கதிர்வீச்சு முன்னறிவிப்பு எழுதும் முறை

கடலூர், புதுச்சேரித் துறைமுகங்களில் 3-ஆம் எண் கூண்டு ஏறினால் கட்டுமரம், விசைப்படகு எல்லாவற்றுக்கும் அதே சேதிதான். செயற்கைக்கோள்களுக்கு அப்படி ஒரே எண் கிடையாது. பூமியின் காந்தக் குலுக்கலை 0 முதல் 9 வரை அளக்கும் கேபி எண் 7 என்று கேள்விப்பட்டதும் எல்லாக் கருவிகளையும் அணைப்பது தவறு. கேபி 2தானே என்று கண்ணை மூடிக்கொள்வது அதைவிடப் பெரிய தவறு. கேபி சொல்வது பூமியின் காந்தப்புலம் எவ்வளவு குலுங்குகிறது என்பதை மட்டும். கதிர்வீச்சுத் தொல்லை மூன்று வகை: சூரியனிலிருந்து பாயும் புரோட்டான், கவசத்தைத் துளைத்து உள்ளே தங்கும் எலக்ட்ரான், மேற்பரப்பில் ஏறும் மின்னூட்டம். மூன்றும் வெவ்வேறு நேரத்தில் வரும், வெவ்வேறு பாதையைத் தாக்கும். தினமும் ஒரு பக்கத் தாள் எழுத நினைக்கும் கல்லூரிக் குழு இந்த மூன்றுக்கும் தனித்தனிக் கட்டம் போட வேண்டும்.

எடுத்துக்காட்டுக்கு இரண்டு செயற்கைக்கோள்களை வைத்துக்கொள்வோம். ஒன்று, ஜிசாட்-30 நிற்கும் 83 டிகிரி கிழக்கில், 36,000 கி.மீ. உயரத்தில் இருக்கும் தொலைத்தொடர்புக் கோள். மற்றொன்று, 500 கி.மீ. உயரத்தில் துருவப் பாதையில் சுற்றும் மாணவர் க்யூப்சாட், அதாவது சிறு பெட்டி அளவுள்ள செயற்கைக்கோள்.

தாளின் தலையில் ஒருமுறை மட்டும் எழுத வேண்டியவை: உயரம், சாய்வு, தீர்க்கரேகை, நொய்மையான பாகம் எது, அதன் முன்னால் எத்தனை மில்லிமீட்டர் அலுமினியம். இந்தக் கடைசி விவரத்தைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். 10 எம்இவி, அதாவது ஒரு கோடி எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள புரோட்டானை 0.6 மி.மீ. அலுமினியத் தகடே ஏறக்குறைய நிறுத்திவிடும். 30 எம்இவி என்றால் 4 மி.மீ.க்கு மேல் வேண்டும். 100 எம்இவிக்கு 37 மி.மீ. எந்த க்யூப்சாட்டும் அவ்வளவு தகட்டைச் சுமக்காது. ஆகவே மெமரி சிப்பைப் பற்றிக் கவலைப்படுபவர் 10 எம்இவி வரைபடத்தோடு நிற்காமல் 100 எம்இவி கோட்டையும் பார்க்க வேண்டும்.

அமெரிக்க அரசின் நோவா அமைப்பு நடத்தும் விண்வெளி வானிலை மையத்தின் மூன்று நாள் முன்னறிவிப்பு நம் நேரப்படி காலை 6 மணிக்கும் மாலை 6 மணிக்கும் வெளிவரும். காலை 6 மணியையே உங்கள் வேலைநேரமாக வைத்துக்கொள்ளுங்கள். மையத்தின் 'நாள்' நமக்குக் காலை 5:30-க்குத் தொடங்குகிறது என்பதைத் தாளிலேயே அச்சிட்டு வையுங்கள். தேதி ஒன்று தள்ளிப்போகும் பிழை பெரும்பாலும் இங்கேதான் நுழைகிறது.

புரோட்டானிலிருந்து தொடங்குங்கள். 10 எம்இவிக்கு மேற்பட்ட புரோட்டான்கள் ஒரு சதுர சென்டிமீட்டர், ஒரு விநாடி, ஒரு ஸ்டெரேடியனுக்கு (திசைக் கோண அலகு) 10 வந்தால், நோவாவின் புரோட்டான் புயல் அளவுகோலில் முதல் படியான எஸ்1. அங்கிருந்து ஒவ்வொரு படியும் பத்து மடங்கு. எஸ்5 என்றால் 1 லட்சம். சூரியச் சுடர் எந்த நிமிடம் வெடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. எனவே இந்தக் கட்டத்தில் நிகழ்தகவை மட்டும் எழுதுங்கள். அதை உயர்த்த வேண்டிய காரணம், சிக்கலான காந்த அமைப்புள்ள கரும்புள்ளிக் கூட்டம் சூரியனின் மேற்குப் பாதிக்கு நகர்வது. சூரியக் காற்று காந்தக் கோடுகளைச் சுருளாக வளைப்பதால், மேற்கு 50, 60 டிகிரி அருகே உள்ள இடமே நம்மோடு நேராக இணைந்திருக்கிறது. 2005 ஜனவரி 20 அன்று மிக வலிய வகையான எக்ஸ் வகையில் எக்ஸ்7 சுடர் வெடித்தது மேற்கு 61 டிகிரியில். உயர் ஆற்றல் புரோட்டான்கள் அரை மணிக்குள் பூமியில் இருந்தன. கிழக்கு ஓரச் சுடர் என்றால் ஏற்றம் மெதுவாக இருக்கும், ஆனால் அலட்சியம் கூடாது. சூரியன் வீசியெறியும் பிழம்பு மேகத்தின் அதிர்ச்சி முனை ஓரிரு நாளில் வந்து சேரும்போது அளவு மறுபடி எகிறக்கூடும்.

புரோட்டான் எச்சரிக்கை இரண்டு கோள்களுக்கும் ஒரே பொருள் தராது. 83 டிகிரி கோள் நாள் முழுக்க நனையும். க்யூப்சாட் துருவங்களைக் கடக்கும்போது மட்டும் நனையும். தென்னிந்தியாவுக்கு மேல் பூமியின் காந்தப்புலம் 17 கிகாவோல்ட் அளவுக்குத் தடுப்பு போடுகிறது; அதைவிட வலிமை குறைந்த துகள் உள்ளே வர முடியாது. 100 எம்இவி புரோட்டானின் வலிமை அரை கிகாவோல்ட்கூட இல்லை. ஆக, எஸ்3 நாளிலும் புதுச்சேரிக்கு மேலே வரும்போது க்யூப்சாட்டிலிருந்து டேட்டா இறக்கலாம். மெமரியில் புது மென்பொருள் எழுதும் வேலை, விண்மீன்களைப் பார்த்துத் திசை அறியும் ஸ்டார் டிராக்கரை நம்பித் திரும்பும் வேலை இரண்டையும் துருவப் பகுதியில் வைக்காதீர்கள்.

எலக்ட்ரான் கட்டத்துக்குத்தான் அதிக உழைப்பு தேவை. இது சத்தமில்லாமல் வரும். சுடரும் இருக்காது, பெரிய காந்தப் புயலும் இருக்காது. சூரியனின் வெளிமண்டலத்தில் காந்தக் கோடுகள் திறந்திருக்கும் கொரோனா துளையிலிருந்து வேகமான சூரியக் காற்று வீசும். விநாடிக்கு 500, 600 கி.மீ. தாண்டும். ஒன்றிலிருந்து மூன்று நாள் கழித்து, காற்று தணியத் தொடங்கிய பிறகுதான் பூமியைச் சூழ்ந்த கதிர்வீச்சுப் பட்டைகளில் வெளியே உள்ள வெளிப்பட்டையில் 2 எம்இவி எலக்ட்ரான்கள் பெருகும். அவை கவசத்தைத் துளைத்து, கேபிள் உறையிலும் சர்க்யூட் போர்டிலும் நாள் கணக்கில் சேர்ந்து, ஒருநாள் உள்ளேயே மின்பொறியாக வெடிக்கும். 1994 ஜனவரி 20 அன்று கனடாவின் அனிக் ஈ1, ஈ2 கோள்கள் நிலைகுலைந்தது இப்படித்தான்.

முறை இது. முதலில் 27 நாளுக்கு முந்தைய உங்கள் தாளை எடுங்கள். சூரியன் ஒருமுறை சுழன்று அதே துளையை மீண்டும் நம் பக்கம் காட்டும் காலம் அது. பிறகு பூமிக்கும் சூரியனுக்கும் இடையே உள்ள எல்1 புள்ளியில் இருக்கும் கலங்களின் காற்று வேகத்தைப் பாருங்கள். அந்தக் காற்று சுமந்துவரும் காந்தப்புலம் விட்டுவிட்டுத் தெற்கு நோக்கித் திரும்பினால் பெருக்கத்துக்கு வாய்ப்பு கூடும். மார்ச், செப்டம்பர் மாதங்களில் இன்னும் கூடும். அடுத்து, நோவா எச்சரிக்கை எல்லையான 1000 பிஎஃப்யுவோடு (புரோட்டானுக்குச் சொன்ன அதே அலகு) மட்டும் ஒப்பிடாமல் 24 மணி நேரக் கூட்டுத்தொகையைக் கணக்கிடுங்கள். 1000-லேயே நாள் முழுக்க நின்றால் 1000 × 86,400, அதாவது 8.64 கோடி. இரண்டு மணி நேரம் மட்டும் 3000-ஐத் தொட்டு இறங்கிய நாளின் ஏற்றம் சேர்ப்பது 2.16 கோடிதான். பாகங்களை வருத்துவது உச்சத்தைவிடச் சேர்ந்த தொகை. எனவே மூன்று நாள் தொகையையும் பக்கத்தில் எழுதுங்கள்.

இங்கே நம் ஊர்க்காரர்கள் தவறாமல் இடறும் இடம் ஒன்று உண்டு. எலக்ட்ரான் அளவீடு வருவது 75.2 டிகிரி மேற்கில் நிற்கும், நோவாவின் கோஸ் கிழக்கு என்ற வானிலைக் கோளிலிருந்து. எலக்ட்ரான் அளவு அந்தந்த இடத்தின் நண்பகலில் உயர்ந்து நள்ளிரவில் தாழும். வித்தியாசம் சில நாட்களில் பத்து மடங்கு வரை போகும். இந்திய நேரக்கோடு 82.5 டிகிரி என்பதால் 83 டிகிரி கோளின் உள்ளூர் நேரம் நம் கைக்கடிகாரத்தோடு இரண்டு நிமிடம்தான் மாறும். கோஸ் கிழக்கோ நம்மைவிடப் பத்தரை மணி நேரம் பின்தங்கியிருக்கிறது. காலை 6 மணிக்கு நீங்கள் பார்க்கும் அளவு அங்கே முந்தைய இரவு ஏழரை மணி அளவு, இறங்குமுகம். அதை அப்படியே பகர்த்தினால் ஆபத்தைக் குறைத்து எழுதுவீர்கள். முந்தைய நாள் இரவு நம் நேரம் 10:30-ஐ ஒட்டிய அளவை எடுங்கள். அது கோஸின் நண்பகல். இன்று பகல் 12 மணிக்கு நம் கோள் காணப்போவது அதற்கு நெருக்கமாக இருக்கும்.

இன்னொரு பொறி: காந்தப் புயல் தொடங்கியதும் எலக்ட்ரான் அளவு சில மணி நேரம் சடாரென்று சரியும். பட்டையின் வெளிவிளிம்பு சூரியக் காற்றில் கரைவதால் வரும் சரிவு அது. ஆபத்து நீங்கியதாக அந்த நேரத்தில் எழுதிவிடாதீர்கள். ஏறக்குறைய பாதிப் புயல்களுக்குப் பிறகு முன்பைவிட அதிகமாக மீண்டெழும். மீதியில் சில பழைய அளவுக்கே திரும்பும், சில குறைந்தே நிற்கும். அதனால் அடுத்த இரண்டு நாளுக்கு '50 சதவீதம்' என்று எழுதுவதே நேர்மை.

மேற்பரப்பு மின்னூட்டத்துக்குக் காரணம் ஆற்றல் குறைந்த, பத்துக் கணக்கான ஆயிரம் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள எலக்ட்ரான்கள். இங்கே கேபி உண்மையிலேயே உதவும். நள்ளிரவு முதல் காலை 6 வரையே 83 டிகிரி கோளுக்கு நெருக்கடி நேரம். பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் நடு வரையும், மறுபடி செப்டம்பர், அக்டோபரிலும் கோள் பூமியின் நிழலில் தினமும் 72 நிமிடம் வரை ஒளியின்றி இருக்கும். வெயில் பட்டால் மேற்பரப்பிலிருந்து எலக்ட்ரான்கள் வெளியேறும். நிழலில் அந்த வடிகாலும் அடைபடும். கேலக்ஸி 15 என்ற தொலைத்தொடர்புக் கோள் கட்டளைகளுக்குப் பதில் தராமல் போனது 2010 ஏப்ரல் 5-இல், ஒரு காந்தத் துணைப்புயலை ஒட்டி. எல்1-லிருந்து நம்மிடம் 15 லட்சம் கி.மீ.; விநாடிக்கு 800 கி.மீ. வேகக் காற்று அதை அரை மணியில் கடந்துவிடும். ஆகவே இந்தக் கட்டத்தைக் காலையில் ஒருமுறை எழுதி மூடிவைக்க முடியாது; இரவுப் பணியில் ஒருவர் விழித்திருக்க வேண்டும்.

தென் அட்லாண்டிக் பகுதியில் கதிர்வீச்சுப் பட்டைகளில் உள்ளே உள்ள உள்பட்டை தாழ்ந்து தொங்குவதை முன்னறிவிக்கத் தேவையில்லை. அது எப்போதும் அங்கேதான். க்யூப்சாட் அதைக் கடக்கும் நேரங்களைப் பாதைக் கணக்கிலிருந்து எடுத்து எழுதினால் போதும்.

முடித்த தாள் இப்படி இருக்கட்டும்: "83 கிழக்கு: எஸ்1 அல்லது மேல் 10 சதவீதம், எலக்ட்ரான் தொகை உயர்வு, நாளை நண்பகல் உச்சம், 70 சதவீதம், மேற்பரப்பு, இரவு 12–6 கவனம், 30 சதவீதம். க்யூப்சாட்: துருவக் கடப்பில் கட்டுப்பாடு இல்லை." பக்கத்தில் நிர்வாகியின் செயல் ஒரு வரி: மென்பொருள் மாற்றம் இரண்டு நாள் தள்ளிவைப்பு.

மறுநாள் நடந்ததை அதே தாளில் சிவப்பு மையில் குறித்து, மாதக் கடைசியில் சொல்லி நடந்தவை, சொல்லாமல் நடந்தவை, சொல்லியும் நடக்காதவை என எண்ணுங்கள். 10 நிகழ்வுகளில் 7-ஐச் சொல்லியிருந்தாலும் 20 வெற்று எச்சரிக்கை விட்டிருந்தால், உங்கள் தாளை யாரும் பிரிக்க மாட்டார்கள். எண்ணும்போது ஒரு கவனம்: பலத்த புரோட்டான் புயலில் எலக்ட்ரான் சென்சாரிலும் புரோட்டான் புகுந்து பொய்யான ஏற்றம் காட்டும், எல்1 கலத்தின் காற்று வேகக் கருவியும் திணறும். 10 எம்இவி அளவு திடீரென ஏறிய அதே நிமிடத்தில் எலக்ட்ரானும் ஏறியிருந்தால் அந்த மணி நேரங்களைக் கூட்டுத்தொகையில் சேர்க்காமல், கட்டத்தில் 'கருவி ஐயம்' என்று எழுதிவிடுங்கள்.