பிரௌசர் ஓடுகிறது, அப்டேட் மட்டும் ஏன் நிற்கிறது?

கேரள எல்லைக்கு அப்பால், பாலக்காட்டுப் பக்கம் இருக்கும் கஞ்சிக்கோடு தொழிற்பேட்டையில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. கோயம்புத்தூரிலிருந்து வாளையாறு தாண்டி தினமும் வருகிறவர்கள் எங்கள் ஆபீஸில் நிறைய. அவர்கள் அடிக்கடி கேட்பது இதுதான்: "அண்ணா, மெயில் திறக்குது, எல்லா சைட்டும் வருது. விண்டோஸ் அப்டேட் மட்டும் ஏன் ஏற மாட்டேங்குது?"

எங்கள் ஆபீஸில் நெட்டுக்குப் போகும் எல்லாமே பிராக்ஸி வழியாகத்தான் போக வேண்டும், அதாவது நடுவில் நின்று வாங்கிக் கொடுக்கும் சர்வர் வழியாக. பிரௌசர் ஓடினால் பிராக்ஸி சரியாக இருக்கிறது என்று முடிவு கட்டுவதுதான் முதல் தவறு. பிரௌசர் உங்கள் பெயரில் வெளியே போகிறது. அப்டேட் சர்வீஸ் உங்கள் பெயரில் அல்ல, விண்டோஸின் சொந்தக் கணக்கான சிஸ்டம் அக்கவுண்டில் ஓடுகிறது. அது பார்ப்பது வின்ஹெச்டிடிபி (WinHTTP) என்ற தனி அமைப்பை. செட்டிங்ஸில் நீங்கள் போட்ட பிராக்ஸி அதற்கும் தெரியும் என்று நம்பி இருக்க முடியாது. கமாண்ட் பிராம்ப்டில் 'நெட்ஷ் வின்ஹெச்டிடிபி ஷோ பிராக்ஸி' (netsh winhttp show proxy) கொடுத்துப் பாருங்கள். 'டைரக்ட் ஆக்சஸ்' என்று வந்தால், அப்டேட் நேராக வெளியே போகப் பார்த்து ஃபயர்வாலில் முட்டிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம்.

சரி, ஆபீஸ் பிராக்ஸியை அங்கேயே போட்டுவிடலாமா? இடம் மாறாத டெஸ்க்டாப்புக்குப் போடலாம். லேப்டாப்புக்குப் போட்டால் வாளையாறு தாண்டி வீட்டுக்குப் போனதும் அந்த முகவரி எட்டாது, அங்கேயும் அப்டேட் நின்றுவிடும். போட்டதை நீக்க அதே கட்டளையில் 'ஷோ' இருக்கும் இடத்தில் 'ரீசெட்' (reset) போதும். ஆனால் ஊர் மாறுகிற லேப்டாப்புக்கு, நெட்வொர்க்கைப் பார்த்துப் பிராக்ஸியைத் தானே கண்டுபிடிக்கும் ஏற்பாடுதான் நல்லது.

அடுத்தது 407 என்ற பிழை எண். பிராக்ஸி பயனர் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கிறது என்று பொருள். சர்வீஸுக்கு முன்னால் ஆள் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை, அது யாரிடம் கேட்கும்? இதற்காகத் தன் பாஸ்வேர்டை ஒரு ஸ்கிரிப்டில் எழுதி வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம், அந்த ஃபைலைத் திறக்கிற எல்லோருக்கும் அது தெரிந்துவிடும். மைக்ரோசாஃப்ட்டின் அப்டேட் முகவரிகளுக்கு மட்டும் பாஸ்வேர்டு கேட்காமல் விடச் சொல்லி பிராக்ஸி அட்மினிடம் கேளுங்கள். அதே முகவரிகளை எஸ்எஸ்எல் சோதனையிலிருந்தும், அதாவது பூட்டி வரும் தகவலைப் பிராக்ஸி நடுவில் பிரித்துப் பார்ப்பதிலிருந்தும், விலக்க வேண்டும். நடுவில் பிராக்ஸி தன் சான்றிதழைக் காட்டினால் அப்டேட் அதை ஏற்பதில்லை.

புது அப்டேட் இருக்கிறதா என்று தேடும் ஸ்கேன் முடிந்து, டவுன்லோடு மட்டும் நகராமல் நிற்கிறதா? அப்டேட் ஃபைல் துண்டு துண்டாகத்தான் இறங்குகிறது. ரேஞ்ச் கோரிக்கை என்பார்கள். சில பிராக்ஸிகள் அதைத் தடுத்துவிடும். அங்கே நெட் வேகத்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

இறங்கிய அப்டேட் ஃபைல்களை விண்டோஸ் வைத்திருக்கும் சாஃப்ட்வேர் டிஸ்ட்ரிப்யூஷன் ஃபோல்டரை எடுத்த எடுப்பில் அழிப்பதும் தவறு. கெட்டுப்போன டவுன்லோடுக்குத்தான் அது மருந்து. வழி அடைபட்டிருக்கும்போது அழித்தால், பாதி இறங்கியதும் போய்விடும்.

விண்டோஸுக்குப் பதில் உபுண்டு லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இதே சிக்கல் வேறு உருவில் வரும். டெர்மினலில் பிராக்ஸியை எக்ஸ்போர்ட் செய்திருப்பார்கள், அட்மின் உரிமையில் ஓட்ட சுடோ போட்டதும் அந்த அமைப்பு பொதுவாகக் கூடவே வராது. அப்டேட்டை இறக்கி ஏற்றும் ஏபிடி (apt) புரோகிராமின் சொந்த அமைப்பு ஃபைலில் பிராக்ஸியை எழுதுங்கள்.

அப்புறம், மொபைல் ஹாட்ஸ்பாட். ஒரு தடவை அதில் போட்டுப் பார்த்து ஏறிவிட்டால், மெஷினில் கோளாறில்லை, வழியில்தான் கோளாறு என்று தெரிந்துவிடும். கம்பெனி விதி அனுமதித்தால் அந்தச் சோதனைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மாதாமாதம் அப்படியே ஓட்டினால் பக்கத்து மேசையில் ஹாட்ஸ்பாட் இல்லாதவரின் மெஷின் பாதுகாப்புத் திருத்தம் இல்லாமலே கிடக்கும். பிழை எண், நேரம், மெஷினின் ஐபி மூன்றையும் குறித்து பிராக்ஸி அட்மினிடம் கொடுங்கள். அவருடைய லாகில் (பிராக்ஸியின் பதிவேட்டில்) அந்த நிமிடத்தைத் தேடினால் எங்கே தடுக்கப்பட்டது என்று பார்த்துவிடலாம்.