தங்க, வெள்ளி முலாம் கான்டாக்ட்களில் அரிப்பு: கண்டுபிடித்துச் சரிசெய்வது எப்படி?

கனெக்டரில் மின்சாரம் கடக்கத் தொட்டுக்கொள்ளும் உலோகப் பகுதியான கான்டாக்டின் தங்க முலாம் மேல் பச்சை அல்லது கறுப்புப் புள்ளி தெரிந்தால், அரித்துப்போனது தங்கம் அல்ல. முலாம் மெல்லிசாக இருக்கும் இடங்களில் நுண்துளைகள் இருக்கும். ஈரமும் கந்தக வாயுவும் அவற்றின் வழியே இறங்கி அடியிலுள்ள நிக்கலையும் செம்பையும் அரிக்கும். அந்த அரிப்பில் உண்டாகும் உப்புதான் மேலே பொங்கி வருகிறது. அடிக்கடி செருகிக் கழற்றும் கனெக்டரில் 0.76 மைக்ரான் தங்கம் இருக்கலாம். எனிக் (நிக்கல் மேல் மெல்லிய தங்கம்) முலாம் பூசிய போர்டில் 0.1 மைக்ரான்கூட இருக்காது. அதனால்தான் ராம் கார்டை அழிரப்பரால் தேய்க்காதீர்கள் என்கிறோம். ரப்பர் தங்கத்தைச் சுரண்டி எடுக்கும், கந்தகம் கலந்த ரப்பராக இருந்தால் அதன் துகளும் அங்கேயே தங்கும்.

மின் இணைப்பைத் துண்டித்து, கெபாசிட்டர்களில் சார்ஜ் இறங்கியபின் 10 மடங்கு லென்ஸில் பாருங்கள். கைக்கறை, சால்டரிங்கில் மிஞ்சிய ஃப்ளக்ஸ் மட்டும் என்றால் 99% ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் போதும். நூல் உதிராத துணியில் தொட்டு, கான்டாக்டின் நீளவாக்கில் ஒரே திசையில் துடையுங்கள். ஒவ்வொரு முறையும் துணியின் புதுப் பகுதி படட்டும். பச்சை உப்பு ஆல்கஹாலில் சரியாகக் கரையாது. முதலில் அயனி நீக்கிய நீரும் மென்மையான பிரஷும், பிறகு ஆல்கஹால். நன்றாக உலர்ந்தபின் மூன்று நான்கு முறை செருகிக் கழற்றுங்கள். அப்போதும் லென்ஸில் செம்பு நிறம் தெரிந்தால் கனெக்டரை மாற்றுவதே சரி. துடைத்து விட்டாலும் மறுபடி பச்சை பிடிக்கும். தங்கக் கான்டாக்டுக்கு எதிரே வெள்ளீய முலாம் போட்டதைச் செருகவும் வேண்டாம்.

வெள்ளி விஷயம் வேறு. ஹைட்ரஜன் சல்ஃபைடு பட்டால் வெள்ளியே வெள்ளி சல்ஃபைடாகிக் கறுக்கும். அதிக மின்னோட்டத்தை நிறுத்தும் ரிலேயில் தீப்பொறியே அந்தப் படலத்தை உடைத்துவிடும், பளபளப்பாக்க வேண்டியதில்லை. மில்லிவோல்ட் சிக்னல் போகும் ரோட்டரி ஸ்விட்சில்தான் இது தொல்லை: கான்டாக்ட் கிளீனர் அடித்துப் பத்துப் பதினைந்து முறை திருப்புங்கள்.

கண்ணில் படாமல் போவது சிப் ரெசிஸ்டர். அதன் உள் மின்முனை வெள்ளி. மேற்பூச்சும் நிக்கல் முலாமும் சந்திக்கும் விளிம்பில் கந்தகம் நுழைந்து, மதிப்பு ஏறிக்கொண்டே போய்க் கடைசியில் மின்பாதை அறுந்து ஓபன் ஆகிவிடும். போர்டில் வைத்தே அளக்கலாம்: பக்கத்திலுள்ள பாகங்கள் அளவைக் குறைத்துக் காட்டுமே தவிர கூட்டிக் காட்டாது. 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் 1.4 கிலோ ஓம் காட்டினால் கந்தக எதிர்ப்பு வகையாகப் பார்த்து மாற்றுங்கள்.

உதிரிகளை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டாதீர்கள், சாதாரண அட்டைப்பெட்டியில் வைக்காதீர்கள். இரண்டிலிருந்தும் கந்தகம் வெளிவரலாம். சிலிக்கா ஜெல்லுடன் ஒட்டி மூடிய பையே நல்லது. கருவிகள் ஓடும் அறையைச் சோதிக்க வெள்ளித் தகடு ஒன்றைத் தொங்கவிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பலாம்: கருவி அறைக் காற்றுக்கான ஐஎஸ்ஏ 71.04 தரத்தின்படி 30 நாளில் படலம் 200 ஆங்ஸ்ட்ராமை (0.02 மைக்ரான்) தாண்டக் கூடாது.